கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸர் எது, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா என்று பத்துக் கடைகளில் விசாரிக்கிறோம். அதனுடன் வரும் கேபிள்களைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்பதில்லை. வேலை முடிந்ததும் கைக்கு வந்தபடி சுருட்டி, ஒரு ரப்பர் பேண்ட் போட்டு டிராயருக்குள் தள்ளிவிடுகிறோம். பிறகு ஒரு நாள் இன்டர்நெட் விட்டு விட்டு வரும். மோடம் சரியில்லை என்போம், கம்பெனிக்காரர்களைத் திட்டுவோம், கம்ப்யூட்டரை பார்மட் செய்து கூடப் பார்ப்போம். கேபிளை மட்டும் கடைசியில்தான் சந்தேகிப்போம்.

வீட்டில் உள்ள கேபிள்கள் ஒருமுறை மாட்டினால் வருடக் கணக்கில் அசையாமல் கிடக்கும். அதனால் நாம் அவற்றைத் தவறாகக் கையாள்வதன் பலன் தெரிய நாளாகும். தினமும் விரித்து, தினமும் சுருட்டும் இடத்தில் ஒரே சீசனில் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஓர் இடம் அமெரிக்காவின் கேம்பிங் மைதானங்கள். அங்கு எடுத்துச் செல்லப்படும் சாட்டிலைட் ஆன்டெனாவின் கேபிளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நமக்கும் அதில் வேலை இருக்கிறது, சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஆர்.வி. என்று அழைக்கப்படும் வீட்டு வண்டிகள் பிரபலம். படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். ஓய்வு பெற்றவர்களில் சிலர் வருடம் முழுவதும் இதிலேயே குடியிருப்பதும் உண்டு. டைரக்டிவி 1994-லும், டிஷ் நெட்வொர்க் 1996-லும் அங்கே சிறிய டிஷ் மூலம் சாட்டிலைட் டி.வி. சேவையைத் தொடங்கியபின், இந்த வண்டிக்காரர்களும் டிஷ்ஷைத் தூக்கிக் கொண்டு கிளம்பினார்கள். முக்காலியில் நிறுத்தும் டிஷ்ஷும் உண்டு. கவிழ்த்த கூடை போன்ற மூடிக்குள் மோட்டார் வைத்து, தானாகவே சாட்டிலைட்டைத் தேடிக் கொள்ளும் ரகமும் உண்டு.

வண்டியின் கூரையிலேயே டிஷ்ஷைப் பொருத்திவிடலாமே என்று கேட்கலாம். பொருத்துகிறார்கள். ஆனால் வெயில் காலத்தில் எல்லோரும் மரத்து நிழலைத் தேடித்தான் வண்டியை நிறுத்துவார்கள். சாட்டிலைட்டோ பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அதைப் பார்க்கத் தெற்கு வானம் மறைவில்லாமல் திறந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு அடர்ந்த கிளை வந்தால் போதும், படம் போய்விடும். எனவே வண்டி நிழலில், டிஷ் வெட்ட வெளியில். இரண்டுக்கும் நடுவே புல்லிலும் மண்ணிலும் கிடப்பது கோஆக்ஸியல் கேபிள். 25 அடி, 50 அடி, சிலரிடம் 100 அடி.

இந்தக் கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து கொண்டால்தான் மற்றவை புரியும். நடுவில் சுமார் ஒரு மில்லி மீட்டர் தடிமனில் ஒரு கம்பி. அதைச் சுற்றி நுரை போன்ற வெள்ளை பிளாஸ்டிக். அதன்மேல் அலுமினியத் தாள், அதற்குமேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை, கடைசியாகக் கறுப்பு உறை. எல்லாம் ஒரே அச்சை நடுவாகக் கொண்டு அமைந்திருப்பதால்தான் கோஆக்ஸியல் என்று பெயர். ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் 1880-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை இன்று வரை மாறவில்லை. டிஷ்ஷுக்குப் பயன்படும் ஆர்.ஜி.6 வகைக் கேபிளின் மின்மறுப்பு 75 ஓம். இந்த 75 என்ற எண், நடுக் கம்பிக்கும் வெளி வலைக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. கேபிளை மடித்து நசுக்கினால் அந்த இடத்தில் இடைவெளி குறைகிறது, எண் மாறுகிறது, வரும் சிக்னலில் ஒரு பகுதி அங்கேயே மோதித் திரும்பிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கேபிள் முழுசாகத்தான் தெரியும்.

இப்போது முழங்கைக்கு வருவோம். நீளமான வயரைக் கொடுத்து ஒருவரைச் சுருட்டச் சொல்லுங்கள். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சரசரவென்று சுற்றிவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிளில் ஒரு முழு முறுக்கு ஏறுகிறது. கையில் ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர் போகிறது என்றால், 50 அடிக் கேபிளில் சுமார் 15 முறுக்கு. மறுநாள் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் இந்த முறுக்கெல்லாம் நடுவில் எங்கோ சேர்ந்து சின்னச் சின்னக் கண்ணிகளாக நிற்கும். அதைப் பார்த்துக் கோபம் வந்து இன்னும் பலமாக இழுப்போம். கண்ணி இறுகி மடிப்பாகும். உள்ளே இருக்கும் அலுமினியத் தாள் கிழியும், வலை பிரியும். பருத்திக் கயிறாக இருந்தால் பிழைத்துக் கொள்ளும். இது ஐந்து அடுக்குப் பலகாரம்.

டெக்சாஸில் இருக்கும் என் அண்ணன் மகன் பழைய ஆர்.வி. ஒன்றை வாங்கி, குடும்பத்துடன் கிளம்பினான். முதல் நான்கு இரவுகள் டிஷ் வேலை செய்தது. ஐந்தாவது இரவு டிஷ் சுற்றிச் சுற்றித் தேடுகிறது, சிக்னல் இல்லை. மரத்தைக் குறை சொல்லி டிஷ்ஷை இடம் மாற்றினான். ரிசீவரை ஆப் செய்து ஆன் செய்தான். பக்கத்து வண்டிக்காரர் தன் டிஷ்ஷையே கடன் கொடுத்தும் பலனில்லை. புதிய டிஷ் வாங்கலாமா என்று என்னிடம் போனில் கேட்டபோது, கேபிள் யாருடையது என்று கேட்டேன். அவனுடையதுதான், இரண்டு டிஷ்ஷுக்கும் அதே கேபிள்தான். மறுநாள் வேறு கேபிள் மாட்டியதும் படம் வந்துவிட்டது. பழைய கேபிளின் முனையை வெட்டிப் பார்த்தபோது, கனெக்டருக்கு அரை அங்குலம் முன்னால் வலை முழுவதும் பிரிந்து கிடந்தது. தினமும் காலையில் அவன் அப்பா முழங்கையில் சுற்றிக் கொடுத்த கேபிள் அது. பெரியவர் உதவிதான் செய்தார், பாவம்.

சரியான முறை என்ன? பட்டம் விடும் பையன்களைப் பாருங்கள். நூலைக் கட்டைவிரலிலும் சுண்டுவிரலிலும் மாற்றி மாற்றி எட்டு போட்டுச் சுற்றுவார்கள். ஒரு பக்கம் ஏறும் முறுக்கு மறுபக்கம் இறங்கிவிடும். நூல் சிக்காமல் பறக்கும். சினிமா, டி.வி. படப்பிடிப்புகளில் சவுண்ட் வேலை பார்ப்பவர்கள் மைக் வயரைச் சுருட்டுவதும் இதே தத்துவத்தில்தான். கல்யாண மண்டபத்தில் அனுபவமுள்ள மைக் செட்காரர் கிடைத்தால், அவர் விரல்களைக் கவனியுங்கள்.

கேபிளின் ஒரு முனையை இடது கையில் பிடித்துக் கொள்ளுங்கள். வலது கையால் கேபிளை எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக உருட்டிக் கொண்டே முதல் வளையத்தை இடது கையில் வைத்திடுங்கள். இது எல்லோரும் போடும் சாதாரண வளையம். இரண்டாவது வளையத்துக்கு வலது கையைக் கவிழ்த்து, கட்டைவிரல் உங்களைப் பார்த்தபடி கேபிளைப் பிடியுங்கள். கையை நிமிர்த்திக் கொண்டே வளையத்தைக் கொண்டு வந்து வைத்தால், மீதிக் கேபிள் வளையத்துக்கு உட்பக்கமாகப் போகும். மூன்றாவது சாதாரணம், நான்காவது கவிழ்த்து. இப்படியே மாற்றி மாற்றி. முதல் நாள் எரிச்சலாக இருக்கும். நான்கைந்து முறை செய்தால் கை தானாகவே செய்யும். வளையம் ஒன்றரை அடி விட்டம் இருக்கட்டும். கேபிள் தடிமனைப் போல் பத்து மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது என்பது பொதுவான விதி, ஆர்.ஜி.6 என்றால் சுமார் 7 சென்டி மீட்டர். ஒன்றரை அடி வளையம் இதற்கு வெகு தாராளம். கணக்குப் பார்க்கும் வேலையே இல்லை.

இப்படிச் சுருட்டிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்துப் புல்லில் வீசினால் முறுக்கு இல்லாமல் நேராக ஓடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. முனை தவறிப்போய் வளையங்களுக்கு நடுவே நுழைந்துவிட்டால், இழுக்க இழுக்கச் சரமாக முடிச்சு விழும். இதனால்தான் சிலர் இந்த முறையே வேண்டாம் என்கிறார்கள். இதற்கு எளிய வழி உண்டு. இரண்டு ஆர்.ஜி.6 கேபிள்களை இணைக்கப் பயன்படும் சிறிய ஜாயின்டர் ஒன்றை வாங்கி, கேபிளின் இரண்டு முனைகளையும் அதன் இரு பக்கத்திலும் திருகி விடுங்கள். முனை எதற்குள்ளும் நுழையாது. கூடவே கனெக்டருக்குள் மண்ணும் போகாது. டிஷ் கேபிளின் கனெக்டரில் தனியாகப் பின் கிடையாது. நடுக் கம்பியேதான் பின்னாக நீட்டிக் கொண்டிருக்கும். அது ஒருமுறை வளைந்தால் நிமிர்த்தலாம். நான்கைந்து முறை வளைந்தால் முறிந்து, எதிர்ப்பக்கச் சாக்கெட்டுக்குள் உட்கார்ந்து கொள்ளும். அப்புறம் ரிசீவருக்கும் செலவு.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை நல்லது. கிழிந்த வேட்டித் துணி அதைவிட மலிவு. பிளாஸ்டிக் டை போட்டு இறுக்குவதை நான் ஒப்புக் கொள்வதில்லை. கேபிளின் நுரையை நசுக்க அது ஒன்றே போதும்.

சுருட்டும் முறையை விட முக்கியமாக நான் நினைப்பது ஈரம். இரவு முழுவதும் புல்லில் கிடந்த கேபிள் காலையில் பனியில் நனைந்திருக்கும். அதை அப்படியே சுருட்டி, வண்டியின் அடியில் உள்ள இருட்டான பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் என்ன ஆகும்? கனெக்டரின் பின்பக்கம் வழியாக நீர் மெதுவாகப் பின்னலுக்குள் இறங்கும். அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப்போகும். திருகிப் பொருத்தும் மலிவு ரகக் கனெக்டரில் இது விரைவில் நடக்கும்; கருவியால் அழுத்திப் பொருத்தும் ரகத்தில் குறைவு. எனவே சுருட்டும்போது இடது கைக்கு முன்னால் ஒரு காய்ந்த துணியைப் பிடித்து, அதன் வழியாகக் கேபிளை இழுத்துச் சுருட்ட வேண்டும். துடைத்ததும் ஆச்சு, உறையில் எங்காவது எலி கடித்திருந்தால் விரலுக்குத் தெரிந்ததும் ஆச்சு. இன்னொன்று: கனெக்டரைக் கழற்றுமுன் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். டிஷ்ஷுக்குத் தேவையான 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் இதே கேபிள் வழியாகத்தான் போகிறது. நடுக் கம்பியும் வெளிக் கூடும் உரசினால் ஷார்ட் ஆகும்.

"கேபிள் என்ன விலை? வருடம் ஒன்று வாங்கிப் போட்டால் போச்சு" என்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் இருந்தால் நானும் வாதாட மாட்டேன். ஆனால் மலிவுக் கேபிளில் ஒரு சூட்சுமம் உண்டு. அதன் நடுக் கம்பி முழுத் தாமிரம் அல்ல; எஃகுக் கம்பிக்குத் தாமிரம் பூசியது. சாட்டிலைட் சிக்னல் கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் வருகிறது. அந்த அளவு அதிர்வெண் கம்பியின் மேல்தோலில் மட்டுமே ஓடும் என்பதால் பூச்சு போதும். ஆனால் டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரம் முழுக் கம்பியிலும் ஓட வேண்டியது. எஃகுக் கம்பியின் கடத்தும் திறன் தாமிரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். 100 அடிக் கேபிளில் தாமிர நடுக் கம்பியின் மின்தடை சுமார் 0.6 ஓம், எஃகுக்கு சுமார் 3 ஓம். மோட்டார் சுழலும்போது ஒரு ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக் கொண்டால், எஃகில் 3 வோல்ட் வழியிலேயே காலி. டிஷ் பாதி சுற்றி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே முழுத் தாமிரக் கேபிளை வாங்கி, அதை ஒழுங்காகச் சுருட்டிப் பத்து வருடம் வைத்திருப்பதே லாபம் என்பேன்.

நீளத்திலும் பேராசை வேண்டாம். ஆர்.ஜி.6 கேபிள் 100 அடிக்கு 1000 மெகாஹெர்ட்ஸில் சுமார் 6 டெசிபல் சிக்னலைத் தின்னும். 2150-ல் அது 10 டெசிபலை நெருங்கும். மூன்று டெசிபல் என்றால் பாதி போயிற்று என்று பொருள். ஒரே 100 அடிக் கேபிளைச் சுமப்பதைவிட 25 அடி ஒன்று, 50 அடி ஒன்று வைத்துக் கொள்ளலாம். பெரும்பாலான நாட்களில் சின்னதே போதும். சின்னதைச் சுருட்டவும் சோம்பல் வராது. இரண்டையும் இணைக்க நேர்ந்தால், அந்த இணைப்பு தரையில் படாமல் ஒரு கல்லின் மேலோ நாற்காலிக் காலிலோ இருக்கட்டும்.

கடையில் விற்கும் சுற்றுருளைகள் மோசமில்லை. உருளையைத் திருப்பிச் சுற்றினால் முறுக்கு ஏறாது. ஆனால் நடு உருளை ஒல்லியாக இருந்தால் உள்சுற்றுகள் எப்போதும் இறுக்கமாகவே கிடக்கும். ஐந்து காலன் பிளாஸ்டிக் வாளியில் அடியில் ஓட்டை போட்டு, அதற்குள் கேபிளைச் சுற்றி இறக்குவது அங்கே பல வண்டிக்காரர்களின் வழக்கம். எனக்கு வாளி பிடிக்கும். ஈரம் ஓட்டை வழியாக வடியும், மேலே எதை வைத்தாலும் கேபிள் நசுங்காது, கவிழ்த்துப் போட்டால் உட்காரவும் ஆகும். எங்கே வைத்தாலும் சரி, கழிவுநீர்க் குழாய் இருக்கும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை. முகாமில் மீதிக் கேபிளைச் சுருளாக விட்டால் சிக்னல் குறையும் என்று சிலர், பத்து அடி தூரத்துக்கு 50 அடிக் கேபிளை மைதானம் முழுக்கக் கோலம் போடுவார்கள். தேவையே இல்லை. கோஆக்ஸியல் கேபிளில் சிக்னல் உறைக்குள்ளேயே அடங்கி ஓடுவதால், பெரிய வளையங்களாகத் தளர்வாகச் சுருட்டி வைத்தாலும் நேராகக் கிடந்தாலும் ஒன்றுதான். இழப்பு நீளத்தால் வருவது. இந்த பயம் உண்மையில் கரன்ட் கேபிளிலிருந்து வந்தது. வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் 30 ஆம்பியர் கேபிளைச் சுருளாக வைத்தபடியே ஏசி ஓட்டினால் சூடு வெளியேற முடியாமல் உறை உருகும். அங்கே விரித்துத்தான் வைக்க வேண்டும். டிஷ் கேபிளை வழியில் விரித்தால், இரவில் குழந்தைகள் தடுக்கி விழுவதுதான் மிச்சம்.

இப்போது பல வண்டிகளில் டி.வி. டிஷ்ஷுக்குப் பதிலாக ஸ்டார்லிங்க் இன்டர்நெட் டிஷ் ஏறிவிட்டது. 2023-ல் வந்த அதன் ஸ்டாண்டர்ட் மாடலுடன் 15 மீட்டர் கேபிள் வருகிறது. அது கோஆக்ஸியல் அல்ல. நம் லேன் கேபிளுக்கு நெருங்கிய உறவு. நான்கு ஜோடிக் கம்பிகள், டேட்டாவும் மின்சாரமும் அதிலேயே. டி.வி. போனால் ஒரு மேட்ச் போகும், அவ்வளவுதான். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி அங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கேபிள் போனால் அன்றைய பிழைப்பே போயிற்று. பக்கத்தில் கடையும் இருக்காது. ஜோடிக் கம்பிகளின் முறுக்கு கலைந்தால் வேகம் குறைவது அதற்கும் உண்டு. சுருட்டும் முறை ஒன்றேதான்.

நம் வீட்டுக்கு வருவோம். மொட்டை மாடி டி.டி.எச். டிஷ்ஷிலிருந்து இறங்குவதும் அதே ஆர்.ஜி.6 கேபிள்தான். வீடு மாற்றும்போது அதைக் கழற்றிச் சுருட்டுவது பெரும்பாலும் நாம்தான். மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளை அதன் தடிமனைப் போல் நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. மேசை மூலையில் ஆணி அடித்து மடித்துவிடுகிறார்கள். லேப்டாப் சார்ஜர் வயரை அடாப்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கொடுமை. அடாப்டரிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் முதலில் ஒரு சிறிய தளர்வான வளையம் விட்டு, பிறகு சுற்றுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் பெற்றோர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே கேம்பிங் கூட்டிக் கொண்டு போனால், காலையில் வண்டி கிளம்புமுன் கேபிள் சுருட்டும் வேலை உங்கள் தலையில்தான் விழும். புறப்படுமுன் வீட்டில் உள்ள தோட்டத்து ஹோஸ் பைப்பில் இரண்டு நாள் பழகிப் பாருங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டரையும் பெட்டியில் போட்டுக் கொள்ளுங்கள். கேபிளின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, நடுக் கம்பிக்கும் வெளிக் கூட்டுக்கும் நடுவே வைத்தால் மீட்டர் சத்தம் போடக் கூடாது. ஒரு முனையின் நடுக் கம்பியிலிருந்து மறுமுனையின் நடுக் கம்பிக்கு வைத்தால் சத்தம் போட வேண்டும். வெளிக் கூட்டுக்கும் அப்படியே. மூன்றும் சரி என்றால் கம்பி அறுபடவில்லை, ஷார்ட்டும் இல்லை. ஆனால் உள்ளே நசுங்கியிருப்பதை மீட்டர் காட்டாது. எனவே டிஷ்ஷின் மேல் கை வைக்குமுன், பெட்டியில் இருக்கும் இன்னொரு கேபிளை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.